ராகு காலத்துக் கடல்காற்று

என் தேவா அண்ணாவுக்கு,

உன் சைக்கிள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நீ கண்ணை மூடிய பிறகு ஒரு வருஷமாகப் பூட்டியே கிடக்கிற கடை. இத்தனை நாள் பொறுத்ததே பெரிசு. மதுராந்தகத்தில் ஆபீஸ் முடிந்து, இரண்டு பஸ் மாறி, சதுரங்கப்பட்டினத்தில் இறங்கி ஷட்டரைத் தூக்கினால் உன் கிரீஸ் வாசனை அடிக்கிறது. எனக்கும் ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது அண்ணா. முட்டி வலிக்கிறது. அழக்கூடத் தெம்பில்லை.

டியூப், செயின் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன். உத்தரத்தில் தொங்கிய அதைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. மூங்கிலும் குடைத்துணியும் பிரேக் கம்பியுமாக நீ கட்டிய இறக்கை. கீழே சாக்கில் சுற்றியபடி, பழைய மொபெட்டிலிருந்து நீ கழற்றி வைத்த எஞ்சின்.

"அமெரிக்காவுல ஏரோப்ளேன் செஞ்ச அண்ணன் தம்பியும் சைக்கிள் கடைக்காரங்கதான் விமலா." எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! எஞ்சின் வைப்பதற்கு முன்னால் அவர்கள் வருஷக்கணக்கில் மணல் மேட்டில் சறுக்கிப் பழகினார்களாம். அவர்களுக்கும் முன்னால் ஒரு ஜெர்மன்காரர் குன்றிலிருந்து ஓடிக் குதித்தே பறந்து, கடைசியில் விழுந்தே செத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் இறங்கும். "மொதல்ல காத்துல நிக்கக் கத்துக்கணும். எஞ்சின் அப்பாலதான்" என்பாய். திருக்கழுக்குன்றத்துக்கு நான் சாமி கும்பிட வந்தால், நீ மலைமேல் நின்றுகொண்டு பருந்து இறக்கை அடிக்காமல் மிதப்பதை வாய் பிளந்து பார்ப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவில்லை. பறந்து பார்க்கச் சாயங்காலம் நாலரை என்று நீ குறித்திருந்தாய். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு ராகு காலம் என்று காலண்டரைக் காட்டிச் சண்டை போட்டவள் நான்தான். காலை ஏழரைக்கு நல்ல நேரம், கிழக்கு முகம் என்று முடிவு செய்ததும் நான்தான். இறக்கைக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நசுக்கச் சக்கரம் இல்லையே என்று முழித்தேன். நீகூடச் சிரித்தாய்.

இறக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணல் மேட்டிலிருந்து கடலைப் பார்த்து ஓடினாய். பத்தடிகூடப் போகவில்லை, மூக்கு குத்தி விழுந்தாய். கணுக்கால் நொறுங்கியது. உடைந்த மூங்கிலை மாற்றி, துணியைத் தைத்து, உத்தரத்தில் மாட்டினாய். அப்புறம் ஒருநாளும் இறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "கட்டுனதுல தப்பு" என்று மட்டும் சொன்னாய்.

நேற்று அதை இறக்கிக் கொடுக்க சேகர் அண்ணன் வந்திருந்தார். அன்றைக்கு இறக்கையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உன்கூட ஓடிய அதே கூட்டாளி. துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டுனதுல ஒரு தப்பும் இல்லம்மா. காலைல காத்து தரைலருந்து கடலுக்குப் போவும். கிழக்கால ஓடுனா முதுகுல அடிக்கும். மூஞ்சில அடிச்சாத்தான் இது தூக்கும். சாயந்திரம்தான் கடல்காத்து வரும்."

"அண்ணனுக்கு அது தெரியாதா?"

"தெரியாம இன்னா? மேற்கால திரும்பி ஓடலாம் மச்சான்னேன். அங்க சவுக்குத் தோப்பு கீதுடான்னான். அப்ப சாயந்திரம் வெச்சிக்கலாம்னேன். 'வாணாம் மச்சான், தங்கச்சி விடியக்காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்காம நின்னுகினு கீது. ஓடிட்டு வந்துடறேன்'னுட்டான்."

உன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன் அண்ணா. கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதானே? அதற்காக ஒரு காலைக் கொடுப்பார்களா? இருபது வருஷம் நீ சாய்ந்து சாய்ந்து நடந்தாய். "நல்ல நேரம் பார்த்ததால்தான் உயிரோடு தப்பினான்" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உன்னால் சும்மா இருக்க முடிந்தது?

இன்றைக்குப் பழைய இரும்புக்காரர் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். எஞ்சின் என் வீட்டுக்கு வருகிறது. அதன் முறை இன்னும் வரவில்லை.

வருகிற ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு, அதே மணல் மேட்டில், கடலைப் பார்த்து இறக்கையை வைக்கப்போகிறோம். ஆள் யாரும் ஏறப்போவதில்லை. ஒரு கயிற்றைச் சேகர் அண்ணன் பிடிப்பார், ஒரு கயிற்றை நான் பிடிப்பேன். காற்றில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்போம். காலண்டரைத் தொடமாட்டேன், குங்குமம் வைப்பேன், அதற்கு நீ ஒன்றும் சொல்லக்கூடாது. அது எழும்பினால், அன்றைக்கு உன்னைக் கேட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், நீ கட்டியதில் தப்பில்லை என்று சொல்லுவேன். தப்பு யாருடையது என்பதையும் என் வாயாலேயே சொல்லுவேன்.

உன் கணுக்காலை ஒடித்த தங்கச்சி,
விமலா