அடியில் பெயரில்லாத தட்டு

சிகாகோ
4 மார்ச் 1991

அன்புள்ள வெர்னா,

பெட்டி வந்து சேர்ந்தது. தானமாக வரும் பழைய பாத்திரங்களைப் பிரித்து அடுக்கும் வேலை தேவாலயக் கடையில் உனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். ரோஜாக் கோப்பையின் கைப்பிடி மட்டும் வழியில் உடைந்துவிட்டது. செய்தித்தாளில் சுற்றடி என்று எத்தனை தடவை எழுதுவது?

திரைச்சீலைக் கம்பெனியில் என் நிலைமை உனக்குத் தெரியும். இந்த வசந்தத்துக்குள் துணியில் அச்சிடப் புதிதாக ஒரு பூ வரைந்து கொடுக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதமாக நான் வரைவதெல்லாம் உயிரில்லாமல் கிடக்கிறது. உன் பெட்டியில் இருந்த ஒரு தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு நீலப் பூ, சாய்ந்து, ஓரத்துத் தங்கக் கோட்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. எந்தத் தொழிற்சாலையிலும் அப்படி வரைய விடமாட்டார்கள். வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தேன். முத்திரையும் இல்லை, பெயரும் இல்லை. யாரோ ஒரு வீட்டுக்காரி ஓய்வில் வரைந்தது. அவள் கைப்பட வரைந்தது வேறு ஏதாவது வந்தால் உடனே அனுப்பு.

உன் கோரின்

*

சேன்ஸ்வில், ஒஹாயோ
11 மார்ச்

அன்புள்ள கோரின்,

இன்னும் இரண்டு தட்டுகள் கிடைத்தன. செய்தித்தாளில்தான் சுற்றியிருக்கிறேன், திட்டாதே. எங்கள் கடைத் தலைவி டாட்டி அவற்றைப் பார்த்து, "இதை யாரு வாங்குவா? கோழிக்குத் தண்ணி வைக்கலாம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பூவில் உனக்கு என்ன பிடித்தது? விவரமாக எழுது. எனக்காக ஏற்றிச் சொல்லாதே.

வெர்னா

*

சிகாகோ
9 ஏப்ரல்

அன்புள்ள வெர்னா,

பிழைத்தேன்! அந்த நீலப் பூவை அப்படியே வரைந்து கொடுத்தேன், தேர்ந்தெடுத்துவிட்டார்கள். துணியின் ஓரத்தில் என் பெயரோடு அச்சாகப் போகிறது. என்ன பிடித்தது என்று கேட்டாயே: அவளுக்குப் பயமே இல்லை. தட்டு முடிகிற இடத்தில் பூவும் முடிய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. மற்ற இரண்டு தட்டையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் போடுவது தப்பில்லையே? அடியில் பெயர் இல்லாத பூ, கண்டெடுத்தவளுக்குத்தானே!

உன் கோரின்

*

சேன்ஸ்வில்
16 ஏப்ரல்

அன்புள்ள கோரின்,

அவளுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அவள் நான்தான்.

யாரும் வாங்காத வெள்ளைத் தட்டுகளைக் கடையிலிருந்து எடுத்துவந்து வரைந்தேன். உயர்நிலைப் பள்ளியில் மட்பாண்ட வகுப்புக்கு இருக்கும் சூளையில் சுட்டு, உன் பெட்டிக்குள் நைசாக வைத்தேன். அடியில் பெயர் எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான். ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் என் தட்டுகளைப் பார்த்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? "உனக்குக் கை இருக்கு, கண்ணு இல்லடி. விட்டுடு." விட்டுவிட்டேன். இருபத்தாறு வருஷம். என் பெயர் தெரியாமல் பார்த்தால் என்ன சொல்வாய் என்று அறிய ஆசைப்பட்டேன்.

துணியில் உன் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும். அன்று சொன்னது சரியா, இன்று சொன்னது சரியா? அதை மட்டும் எழுது.

வெர்னா

*

சிகாகோ
6 மே

அன்புள்ள வெர்னா,

இன்று சொன்னதுதான் சரி. அன்று சொன்னது பொய், தெரிந்தே சொன்ன பொய். ஆசிரியர் உன் தட்டின் முன்னால் நின்ற நேரத்தில் பாதிகூட என்னுடையதைப் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நீ என்னோடு சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். நம்பிவிட்டாய். பிறகு திருத்திச் சொல்ல வாய் வரவில்லை.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நீங்க வரையலன்னா அப்புறம் நீங்க எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. துணி உன் பெயரில் வரும். நான் மேஜையைக் காலி செய்துவிட்டேன். அதற்கு நீ காரணமில்லை.

என்னை மன்னித்துவிடு.

கோரின்

*

சேன்ஸ்வில்
20 மே

கோரின்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் வேலை போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இருபத்திரண்டு வயதில் பொறாமையில் சொன்ன பொய்யை மன்னித்துவிடலாம். மன்னித்தும்விட்டேன். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து, நான் சுட்ட ஆப்பிள் பை சாப்பிட்டு, "நீ ஏன் இப்ப வரையறதே இல்ல?" என்று கேட்டாயே கோரின். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கம்பெனியிலிருந்து இன்னும் ஆறு பூ கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன். கடை வேலையை விட்டுவிட்டேன். காலையில் உட்கார்ந்தால் மதியம் வரை வரைகிறேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வராதே. அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போது என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

வெர்னா