பாட்டு நிற்கிற வரி

ஆவணி 3, புதன்
புழுக்கம். கரண்ட் இல்லை.

தங்கை மகன் பிரபு எடுக்கும் படத்துக்கு ஒரு காட்சி எழுதிக் கொடுத்தேன். என் கல்யாண ஊர்வலம். மைக் செட் வண்டியில் 'மல்லி பூத்த வாசல்' பாடுகிறது. மேலத்தெரு முனையில், காலனிப் பாட்டு அங்கே கேட்கக் கூடாதென்று அந்தத் தெருக்காரர்கள் மறிக்கிறார்கள். பாட்டு நிற்கிறது. தலை குனிந்து தெருவைக் கடக்கிறோம். நடந்தது அதுதான். வேறெதுவும் சேர்க்கவில்லை.

பிரபுவின் உதவியாளர், சென்னைப் பெண், திருத்த வந்தாள். "சார், ஆக்‌ஷன் லைன்ல பாட்டுப் பேர் போடக்கூடாது. பொதுவா 'பாட்டு ஒலிக்கிறது'ன்னு போடுங்க. ரைட்ஸ் பிரச்சனை வரும்."

நடப்பதைச் சொல்லும் வரிதான் ஆக்‌ஷன் லைன். எனக்குத் தெரியாதா? பழைய புத்தகம் வாங்கிப் படித்துத்தானே எழுதுகிறேன். பாட்டுப் பெயர் மேற்கோள் குறிக்குள், முதல் முறை மட்டும். பிறகு 'அதே பாட்டு'. சரியாகத்தான் போட்டிருக்கிறேன். எங்கள் காலனி ஆட்களே கட்டிப் பாடியது. எவன் வந்து உரிமை கேட்பான்?

வெள்ளி
டைப் அடித்த பிரதி வந்தது. பெயர் போச்சு. 'பாட்டு நிற்கிறது' என்ற வரியும் போச்சு. இப்போது: 'மகிழ்ச்சியான பாட்டுடன் ஊர்வலம் மேலத்தெருவைக் கடக்கிறது.'

பாட்டோடு கடந்ததாம். எந்த ஜென்மத்தில்?

போனில் பிரபு: "மாமா, ஷூட்டிங்குக்குத் தெருவ குட்த்ததே அவங்கதான். இன்னாத்துக்குப் பழச கிளறிக்கினு கீற?"

"அப்ப ஃபார்மேட் இல்ல, பயம்னு சொல்லு."

வைத்துவிட்டான். ராஸ்கல்.

மனைவி: "வுடு, பேஜாரு. கம்முனு துன்னுட்டுப் படு." சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரையும் போடவில்லை.

திங்கள்
தூறல். கொசுவத்தி, ரீஃபில் வாங்கணும்.

மைக் செட் தனபாலைப் பார்த்தேன். ஷூட்டிங்குக்கு அவன் வண்டிதான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார இடம் கேட்டேன்.

"ஏறிக்கோ நைனா. இன்னா பண்ணப் போற?"

"எழுதுன வரியப் பண்ணப் போறேன்."

சிரித்தான். புரிந்துதான் சிரித்தான்.

ஆவணி 10, புதன்
ஷூட்டிங். நல்ல வெயில். மேலத்தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை. ஓடியது எங்கள் பாட்டேதான். ரைட்ஸ் பிரச்சனை எங்கே போச்சோ!

முனை வந்தது. சுவிட்சை அணைத்தேன்.

மாப்பிள்ளை வேடம் போட்டவன் நின்றான். எல்லாரும் நின்றார்கள். கேமரா ஓடுகிறது. பிரபு என்னை முறைக்கிறான். கட் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வீட்டு வாசலிலிருந்து பெரியவர் ஒருத்தர், என் வயதுதான்: "யோவ், ஏன்யா நிறுத்தின? நல்லாத்தானே இருந்துச்சு. போடுய்யா பாட்ட!"

அந்தத் தெரு. என்னிடம். பாட்டைப் போடச் சொல்லி.

போடவில்லை.