சோம்பேறி இல்லை என்று எழுதிக் கொடுங்கள்

அத்தை,

இன்று காலை விழுப்புரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ஊசி குத்தும் முன் கையில் தடவிய ஸ்பிரிட் வாசனை உங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது.

நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வருஷம், கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் நேரம். நாலு செடி பிடுங்குவதற்குள் கை இறுகி உட்கார்ந்துவிடுவேன். "புதுப் பொண்ணு நல்லா நடிக்குது" என்றார்கள் கூட இருந்தவர்கள். பிறந்த வீட்டிலும் எனக்குச் சோம்பேறி என்றுதான் பெயர். அந்த ரோஷத்தில் ஒருநாள் நிறுத்தாமல் பிடுங்கினேன். சாயங்காலம் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. பயந்துபோய் உங்களிடம்தான் சொன்னேன். "சேலைய மாத்திக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றீர்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

தசை சிதைந்து சிறுநீரில் இறங்கியிருக்கிறது என்றார்கள். சிறுநீரகம் தப்பியது, ஏன் சிதைந்தது என்பதுதான் பிடிபடவில்லை. உடம்பு தேறியபின் நரம்பு டாக்டர் ஒரு பரிசோதனை வைத்தார். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு ரப்பர் பந்தை விடாமல் அமுக்கச் சொல்லி, மறுபடி மறுபடி ரத்தம் எடுத்தார்கள். என் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.

"பந்த அமுக்கினா வியாதி தெரிஞ்சிடுமா சார்?" என்று கேட்டீர்கள்.

முடிவு வந்ததும் டாக்டர் விளக்கினார். "தசை வேகமா வேலை செஞ்சா, உள்ள சேத்து வச்ச சர்க்கரைய உடைச்சு எரிக்கும். அப்போ ரத்தத்துல லாக்டேட்னு ஒண்ணு ஏறணும். இவங்களுக்கு ஏறவே இல்லம்மா. சர்க்கரை இருக்கு, உடைக்க வழியில்ல. பிறவியிலயே வந்தது. மெதுவா ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துல உடம்பு வேற வழியில சக்தி எடுத்துக்கும்."

"அப்போ சோம்பேறி இல்லன்னு எழுதிக் குடுங்க சார்" என்றீர்கள்.

டாக்டர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அன்றுதான் உங்கள் தோளில் சாய்ந்து முதல்முறை அழுதேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் திடீரென்று கேட்டீர்கள்: "பிறவியில வந்ததுன்னா, உன் தம்பிக்கும் இருக்குமில்ல?"

வானூரில் அவன் சிமெண்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கினால் தொடை கல்லாகிவிடுகிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். வேலையை விட்டுவிட்டு வரமாட்டான் என்றேன். மறுநாள் நீங்களே போய் அவனை அழைத்து வந்தீர்கள். அவனுக்கும் லாக்டேட் ஏறவில்லை. பிறகு எடுத்த மரபணுப் பரிசோதனையும் எங்கள் இருவருக்கும் அதையே சொன்னது. இப்போது அவன் திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். மூட்டை பக்கம் போவதில்லை. நன்றாக இருக்கிறான், அத்தை.

உங்களைப் பாடையில் எடுத்துக்கொண்டு போன அன்று, தெருமுனை வரை பெண்கள் வரலாம் என்றார்கள். மேளம் கிளம்பும் முன்பே நான் தனியாக வாசலிறங்கி நடக்க ஆரம்பித்தேன். "எங்கம்மா முன்னாடி போற?" என்றார் ஒரு பெரியவர். "எனக்கு மெதுவாத்தான் ஆரம்பிக்கணும், மாமா" என்றேன். பாதித் தெருவில் இறுகியிருந்த கால் இளகி, நடை இலகுவானது. நீங்கள் வந்து சேர்ந்தபோது முனையில் நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டிய நேரத்தை இப்போது தலை குனியாமல் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அது நீங்கள் கொடுத்தது.