நாக்கில் கரையாத நன்மை

1964இல் திண்டுக்கல் மாதா கோயில் பூசைக்குப் போயும் அல்போன்சா மாதக்கணக்காக நன்மை என்னும் நற்கருணை அப்பத்தை வாங்கவில்லை. “என்ன பாவத்த மறைக்கிற?” என்று கணவன் ராயப்பராஜ் ஒரு நாள் கேட்டேவிட்டான். மறுநாள் காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

“ஏங்க, மொச்சக் குழம்பு அடுப்புமேல இருக்கு. நான் பாவம் எதுவும் பண்ணல. எனக்கு வாயில எச்சி ஊறல. நன்மை அப்பம் அண்ணத்துல ஒட்டிக்கிட்டு உள்ள எறங்காது. ஆண்டவரத் துப்பிருவேனோன்னு பயந்துதான் வாங்கல. சொத்தப் பல்லக் காட்டப் போனப்பதான் டாக்டரு சொன்னாரு. நோய எதுக்க வேண்டிய சக்தியே தடம்மாறி எச்சி சுரப்பியத் தாக்குதாம். அது ரணமாகி வீங்கி, கொஞ்சங்கொஞ்சமாச் செதஞ்சுபோச்சாம். கல்யாணமான புதுசுல பூச முடிஞ்சு, மலைக்கோட்ட அடியில ஒரே பொட்டலத்துல வறுகடல தின்னுக்கிட்டே நடப்போமே, இப்ப அதான் நெனப்பா இருக்கு.”

அடியில் நுணுக்கி எழுதிக் கதவிடுக்கில் செருகினாள்: “சாவி பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் அக்காகிட்ட இருக்கு. சாயங்கால வண்டிக்கு வாரேன். கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்காதீங்க.”

அந்த ஞாயிறு அவள் பயந்துகொண்டே நன்மை வாங்கித் தன் இடத்துக்குத் திரும்பினாள். ராயப்பராஜ் ஆண்கள் பக்கமிருந்து எழுந்தான். கோயிலே பார்க்க, பெண்கள் பக்கம் வந்து அவளிடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை நீட்டினான்.