முயல்காது வைத்த இரவு உடுப்பு

என் அன்பு மனைவிக்கு,

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்த அக்கா, உனக்கு அடுத்த வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாரே, அவர் லீவு முடிந்து நாளை திரும்புகிறார். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டு எண்ணுக்குப் போன் செய்து பார்த்தேன். நீ விடுமுறைக்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருப்பதாகவும், வந்ததும் சொல்வதாகவும் சொன்னார்கள். மறுபடி கூப்பிட்டபோதும் அதே பதில்தான். அப்படி என்ன கடையோ!

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த விடுமுறைக்கு நீ அவர்களோடு போக வேண்டாம். இங்கே வா. நம் பொடிசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நின்றுகொண்டு படிக்காதே, எங்காவது உட்கார்ந்து மீதியைப் படி.

எல்லாம் உன் பார்சலைப் பிரித்த அன்றுதான் தெரிந்தது. விடுமுறையில் அந்த வீட்டுப் பிள்ளை போட்டுக்கொள்ள இரவு உடுப்பு தேர்ந்தெடுக்கும் வேலையை முதலாளியம்மா உன்னிடம் விட்டதாகவும், நீ அதே மாதிரி இன்னொன்று நம் பிள்ளைக்கும் வாங்கியதாகவும் எழுதியிருந்தாய். பூப் போட்டதா, கரடி போட்டதா என்று கடை முழுக்கக் கலைத்துப் போட்டு, கடைசியில் நீலத்தில் முயல்காது வைத்ததை எடுத்தாயாம். அங்கே அவளும் இங்கே இவளும் ஒரே உடுப்பில் தூங்கட்டும் என்று எழுதியிருந்தாய். துணி அருமை. சீட் உறை தைத்துத் தைத்து மரத்துப்போன என் விரலுக்கே அதன் மெத்து தெரிந்தது.

போட்டுவிட்டேன். கழுத்து தோளிலிருந்து நழுவியது. கை நுனி முழங்கால் வரை தொங்கியது. காலுறையோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்களே, அந்தப் பாதம் இரண்டும் அவள் பாதத்துக்கு அப்பால் வெறுமையாகத் தரையில் கிடந்தன. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பொடிசுக்கும் ஒரே குஷி. ஒரு கையை உள்ளே இழுத்துக்கொண்டு, உடுப்புக்குள் எட்டிப் பார்த்து, "இன்னொரு பாப்பா எங்கப்பா?" என்று கேட்டாள். நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம்தான் உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். இருவரும் ஒரே மாதத்துப் பிள்ளைகள் என்பதால் அந்தப் பிள்ளையின் முதுகில் வைத்து அளவு பார்த்தேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதைக் கேட்டதும் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. பொடிசைத் தூக்கி மடியில் வைத்து, உடுப்பைக் கழற்றி, முதுகைத் தடவிப் பார்த்தார். "தப்பு உடுப்புல இல்ல தம்பி. விடிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

நீ ஏன் ஏமாந்தாய் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நான் அனுப்பிய படங்கள்தான் காரணம். போன தடவை நீ அனுப்பிய சிவப்புக் கவுனில் எடுத்த படத்தைப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது, இனி அடுத்த அளவு வாங்க வேண்டும் என்று பெருமையாக எழுதினாய். அதை எடுத்த ஸ்டூடியோக்காரர் எந்தப் பிள்ளையானாலும் முதுகுப் பக்கம் துணியைப் பிடித்து நாலு கிளிப் போட்டுவிட்டுத்தான் படம் எடுப்பார். படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். அவர் தொழில் வழக்கம் அது, யாரையும் ஏய்க்கச் செய்ததல்ல. உனக்கு முன்பக்கம்தான் வந்து சேர்ந்தது. எனக்கோ தினமும் பார்க்கிற கண், வித்தியாசமே தெரியவில்லை. உன்னைப்போல் ஒல்லி வாகு என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாப்பிடும்போது பாதியில் வியர்த்து, மூச்சு வாங்கி, போதும் என்று தட்டைத் தள்ளுவாள். அழுத்தக்காரி, அப்படியே அம்மா என்று திட்டியிருக்கிறேன்.

இதயத்தில் ஓட்டையாம், பிறவியிலேயே இருந்திருக்கிறதாம். அது மூடாமல், நுரையீரலும் கெட்டுக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். முன்பே வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்குமாம். இப்போது ஆபரேஷன் செய்துதான் பார்க்க வேண்டுமாம். 'பார்க்க வேண்டும்' என்றுதான் சொன்னார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டேன். அதைக் காட்டிவிட்டு, "அம்மா எங்க இருக்காங்க? வரச் சொல்லிடுங்க" என்றார். உன் கையெழுத்தும் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வந்தால் போதும் என்றார்.

உன்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபமில்லை. நீயும் இந்த வீட்டுக்காகத்தான் போனாய். ஊரார் பிள்ளை நல்லபடி வளர்ந்ததற்கு நீ செய்த வேலைதான் காரணம், அந்தப் பிள்ளையின் மேலும் கோபமில்லை. அந்த வீட்டுப் பிள்ளை முன்னால் அழாதே, பயந்துவிடுவாள். முதலாளியம்மாவிடம் நேராகப் போய் நின்று கேள். பயணத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு விடுமுறை அடுத்த வருஷமும் வரும் என்று சொல். அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். அப்படியும் விடவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அக்காவிடம் கேட்கச் சொல். அவர் வார்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறார்.

உன் உடுப்பை ஆஸ்பத்திரியில் போடவிடவில்லை. மார்பில் வயர் ஒட்டியிருப்பதால் முன்பக்கம் முழுதும் திறக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். பிடித்துத் தைத்துவிடலாம் என்று சாக்கட்டியை எடுத்தேன். கோடு போடவே கை வரவில்லை. தைத்துக் குறைத்தால், அவள் வளர்ந்த பிறகு என்ன செய்வது? அப்படியே போர்வையாகப் போர்த்திவிட்டிருக்கிறேன். ஒரு முயல்காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். நர்ஸ் துவைக்கக் கேட்டாலும் தரமாட்டேன் என்கிறாள்.

வரும்போது வேறு எதுவும் வாங்காதே. பொம்மை வேண்டாம், மிட்டாய் வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த இரவு உடுப்பு ஒன்று மட்டும் வாங்கு. நிறம் உன் இஷ்டம். யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வா.

கடிதத்தோடு நூல் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அவள் தூங்கும்போது கழுத்திலிருந்து குதிகால் வரை பிடித்து வெட்டியது. இழுத்துப் பிடித்தாலும் நம் பிள்ளை அவ்வளவுதான். இந்த முறை இதை வைத்து அளவு பார். வேறு யார் முதுகும் வேண்டாம்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். அதுவரை அவள் பக்கத்தை விட்டு நான் நகரமாட்டேன்.

வாசலையே பார்த்துக்கொண்டு,
உன் கணவன்