ஆள் விட்டுச் சொன்ன லைன் கிளியர்

அண்ணா,

இன்று காலை எங்கள் தெருமுனையில் டிரான்ஸ்பார்மரைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணெய் வாடை ஜன்னல் வழியாக வந்ததுமே எனக்கு உங்கள் ஞாபகம்தான். வாசலுக்கு வந்து பார்த்தால், லைன்மேன் பையன் கம்பத்தில் இருந்தபடியே டீக்கடைக்காரரைக் கூப்பிட்டு, போகிற வழியில் ஆபீசில் சொல்லிவிடுங்கள், லைன் போட்டுக் கரண்ட் விட்டுக்கொள்ளலாம் என்கிறான். எனக்கு வந்ததே கோபம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். முதலில் இறங்கு, நீயே போய்ச் சொல், இல்லையென்றால் கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிடுவேன் என்று கத்தினேன். பெருசுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். இதை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான்.

யுத்த காலம் அது. அரூர்ப் பக்கத்துச் சப்ஸ்டேஷனில் நான் சுவிட்ச்போர்டு பார்த்தேன். நீங்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் லைன் பார்க்கிற ஆட்களுக்கு மேஸ்திரி. மேட்டூர்க் கரண்ட் நம் சோளக் காடுகளுக்கு மேலே ஓடி, கிழக்கே எங்கெங்கோ ஆலைகளுக்குப் போனது. அடியில் இருந்த ஊர்களில் சிம்னி விளக்குதான். எங்கள் தலைக்கு மேலே போகிறதே, எங்கள் வீட்டுக்கு ஒரு பல்பு கிடையாதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சமாதானம் சொல்லிச் சொல்லி உங்கள் வாய் அலுத்துப்போனது.

டவரில் ஏறுமுன் லைன் கொட்டகைப் போனில் என்னைக் கூப்பிட்டு லைன் கிளியர் கேட்பீர்கள். நான் கரண்டை நிறுத்தி, சுவிட்ச் கைப்பிடிக்குப் பூட்டுப் போட்டு, கொடுத்தேன் என்பேன். நீங்கள் கம்பியை எர்த் சங்கிலியால் தரையோடு இணைத்துவிட்டு ஏறுவீர்கள். வேலை முடிந்தால் ஆட்களை இறக்கி, சங்கிலியை எடுத்து, லைன் கிளியரைத் திருப்பிக் கொடுப்பீர்கள். அப்புறம்தான் நான் கரண்ட் விட வேண்டும். வாங்கினவர்தான் தன் வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். நமக்குள் அது எப்போதோ தளர்ந்துவிட்டது. கொட்டகைப் பக்கம் யார் போகிறாரோ அவரிடம் சொல்லி அனுப்புவீர்கள். அவர் சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரி என்று நானும் லைனைப் போட்டுவிடுவேன். அண்ணன் தம்பியாகப் பழகுகிறோம், இதில் என்ன சட்டம் என்று இருந்தோம்.

அப்புறம் உங்கள் மகளின் காதுகுத்து வந்தது. லைனுக்கு அடியில் மரம் வெட்டுகிற கோஷ்டியின் மேஸ்திரி ஒருநாள் சப்ஸ்டேஷனுக்கு வந்தவர், போகிற போக்கில், உங்களுக்கும் சொல்லச் சொன்னாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அண்ணியோடு வந்து, வாசலில் நின்று அழைக்க வேண்டாமா? பங்காளியைக்கூட ஆள் விட்டு அழைத்தால் வரமாட்டான். என்னை மட்டும் எதில் சேர்த்தீர்கள்? காற்று மழையில் லைன்மேல் மரம் விழுந்து, நீங்கள் இரவு பகலாகக் காட்டிலேயே கிடந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் தணிந்துவிடுமா? நான் போகவில்லை. உங்கள் வீட்டில் கறிச்சோறு போடுகிற நேரத்தில் நான் என் அறையில் களியை உருட்டி விழுங்கிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன்.

அதற்கப்புறம் போனில் வேலைப் பேச்சு மட்டும்தான். அன்று காலையும் நீங்கள் லைன் கிளியர் வாங்கிக்கொண்டு, வழக்கம்போலச் சாப்பாடு ஆச்சுங்களா என்று கேட்டீர்கள். லைன் கிளியர் கொடுத்தாச்சு என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

மத்தியானம் வேலை முடிந்தது. ஆட்களை இறக்கினீர்கள், சங்கிலியை எடுத்தீர்கள். அப்போது பார்த்து அதே மரம்வெட்டு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். "நீங்களே சொல்லிருங்க. அவரு எங்கூடப் பேச மாட்டாரு" என்று அவரை அனுப்பினீர்கள். அவர் போனபிறகு அண்ணாந்து பார்த்திருக்கிறீர்கள். மேலே, கம்பி தொங்குகிற பீங்கானைப் பிடித்திருக்கும் ஊசி ஒன்று சரியாக மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. விட்டால் கம்பி என்றைக்காவது கழன்று எவன் தலையிலாவது விழும். அந்த வண்டித்தடம் மழைச் சேறாக இருக்கும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக முடியும், கொட்டகை சேர நேரமாகும் என்று கணக்குப் போட்டீர்கள். ஒரு நிமிஷ வேலைக்கு எதற்கு என்று சங்கிலியைக்கூட மாட்டாமல் ஏறிவிட்டீர்கள். தடம் காய்ந்து கிடந்தது, அண்ணா. அவர் ஏறி மிதித்துக்கொண்டே போய்விட்டார்.

நீங்கள் கம்பியைக் கையில் பிடித்திருந்த நேரத்தில் இங்கே என் போன் அடித்தது. மேஸ்திரி உங்கள் பெயரைச் சொல்லி, ஆட்களெல்லாம் இறங்கியாச்சு, சங்கிலி எடுத்தாச்சு, லைன் போட்டுக்கலாம் என்றார். வழக்கமாக அந்தப் பேச்சு முடியுமுன் என் கை சாவிக்குப் போயிருக்கும். அன்று அந்தக் குரலைக் கேட்டதும் காதுகுத்து அழைப்புத்தான் திரும்பக் கேட்டது.

"எல்லாத்தையும் ஆள் விட்டுத்தான் சொல்லுவாரா? அவரை வந்து பேசச் சொல்லுங்க. அவரு வாயால சொன்னாத்தான் லைனு" என்றேன்.

எஞ்சினியர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். கிழக்கே இருந்து ஆலைக்காரர்கள் காலையிலிருந்து அவரைப் போனில் குடைந்துகொண்டிருந்தார்கள். செய்தி சரியாகத்தானே வந்திருக்கிறது, லைனைப் போடு என்றார். வாங்கினவர் சொல்லணுங்க என்றேன். என்றைக்கு ஐயா உனக்கு இந்தச் சட்டமெல்லாம் ஞாபகம் வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாவியைக் கொடு என்று கை நீட்டினார். சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்ச்போர்டை மறைத்து நின்றேன். யுத்த சமயத்தில் வேலைக்குக் குந்தகம் செய்தான் என்று எழுதினால் வேலை மட்டும் போகாது, ஜெயிலுக்கும் போவாய் என்றார். மாரண்டஹள்ளியில் என் சம்பளத்தை நம்பி அம்மாவும் தங்கைகளும் இருந்தார்கள். ஆனாலும் நகரவில்லை. உங்கள் உயிரை நான் நினைத்தேனா? சத்தியமாக இல்லை. நீங்கள் போனுக்கு வந்ததும் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கன்னடம். வசவு எனக்கு அந்தப் பாஷையில்தான் சரளமாக வரும். வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டேன்.

அங்கே மேஸ்திரி திரும்பி வந்து, டவர்மேல் உங்களைப் பார்த்தாராம். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாராம். நீங்கள் இறங்கி வந்த பிறகுதான், நான் உங்களைப் போனுக்குக் கூப்பிட்டதைச் சொன்னார் என்றீர்கள்.

எஞ்சினியர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இனி உன்னைக் கேட்க வேண்டியதில்லை, பூட்டை உடைக்க ஆளைக் கூப்பிடுகிறேன் என்று வாசல்வரை போனார். அப்போது போன் அடித்தது. எடுத்தேன். மூச்சுத்தான் வந்தது. இப்போதுதான் வாய் வந்ததா என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, நான் மேல இருந்தேங்க" என்றீர்கள்.

அடுக்கி வைத்த வசவெல்லாம் எங்கே போனதோ. எஞ்சினியர் என் கையிலிருந்து போனை வாங்கிக் கேட்டார். கேட்டவர் சுவரில் சாய்ந்துகொண்டார். அப்புறம் நீங்கள் ஒவ்வொரு வார்த்தையாக லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தீர்கள். சாவியை எடுத்து எஞ்சினியர் கையில் கொடுத்தேன். அவர்தான் திறந்து லைனைப் போட்டார்.

மறுநாள் நீங்கள் அண்ணியோடு வந்து நின்றீர்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. அண்ணி இடுப்பில் குழந்தை, காதில் புதுத் தோடு. காதுகுத்துக்கு வந்துருங்க என்றீர்கள். குத்தி முடிந்த காதுக்கு எந்த ஊரில் அழைப்பார்கள் என்று நான் கேட்க, அண்ணி சிரித்தார்கள், நீங்கள் அழுதீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்து மூக்கு முட்டக் கறிச்சோறு தின்றேன்.

அப்புறம் இலாகாவில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. சட்டம் என்றால் சட்டம் என்று நின்று ஒரு உயிரைக் காப்பாற்றியவன் என்று புது ஆட்களிடம் எஞ்சினியரே சொல்லுவார். நீங்கள் அதைக் கேட்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரிப்பீர்கள்.

உங்கள் சாவுக்கு வந்திருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா, நீங்கள் அன்றைக்கு ரூல் பார்க்காமல் விட்டிருந்தால் அப்பா முகம்கூட எனக்குத் தெரிந்திருக்காது என்றாள்.

"ரூலு இல்லம்மா, கோவம்" என்றேன்.

"அப்பாவும் அதேதான் சொல்லுவாருங்க" என்றாள்.

அவளிடம் அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும். நீங்கள் முறையாக வந்து அழைத்திருந்தால் நான் காதுகுத்துக்கு வந்திருப்பேன். மேஸ்திரி சொன்ன உடனே, அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று சந்தோஷமாக லைனைப் போட்டிருப்பேன். அந்த ஒரு நாளை நினைத்தால்கூட எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, அண்ணா. நாம் நன்றாக இருந்த நாட்களில், யார் யாரோ சொன்னதைக் கேட்டு நான் போட்ட லைன்களை நினைத்தால்தான் வருவதில்லை.