நான் பார்த்து எடுத்த காப்பீடு

கேமரன் மலை

அன்புள்ள அம்மாவுக்கு,

வசுமதி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் நலம். போன வாரம் தேயிலைச் சரிவில் வழுக்கி, இடது கையில் சின்ன எலும்பு விரிசல். பயப்பட வேண்டாம். ஊரில் ஏஜென்ட் நீட்டிய மலிவான மருத்துவக் காப்பீட்டை மறுத்து, வேலையில் அடிபட்டாலும் செலவை ஏற்கும் காப்பீடுதான் வேண்டும் என்று நின்றேனே, அது கைகொடுத்தது. தானா ராத்தா மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையைக் காட்டியதோடு சரி, கையிலிருந்து காசு போகவில்லை.

கூட வந்த எஸ்டேட் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, ஆண்டியப்பன், "கெட்டிக்காரிலா நீ! என் மவ லண்டனுக்குப் படிக்கப் போறா. அவளுக்கும் நீயே பாத்துச் சொல்லும்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கை அகலமான சுடிதார் இரண்டு அனுப்புங்கள், மாவுக்கட்டு நுழையவில்லை. ஒற்றைக் கையால் தலை பின்னவும் வரவில்லை, அம்மா.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க டவுனுக்குப் போகும் லாரி ஹார்ன் அடிக்கிறது.

உங்கள் வசு